ஸ்க்ரூவைத் தொடும் முன்: பழைய இன்ஜெக்‌ஷன் கார்களின் ஐட்லிங் குறித்துச் சில கேள்வி பதில்கள்

கேள்வி: ஐயா, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. எந்த ஸ்க்ரூவைத் திருக வேண்டும்?

பதில்: எதையும் திருக வேண்டாம். த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) மூடியிருக்கும்போதும் எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. அந்த வழியைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், பெட்ரோல் குழாய்களை விட்டுவிட்டு, காற்று ஹோஸ்களை மட்டும் ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது வேகம் சட்டென விழுகிறதோ, அங்கே குறை இருக்கிறது. ஹோஸின் மேற்பகுதி புதிதுபோல இருக்கும். விரலால் அடிப்பக்கத்தைத் தடவினால்தான் வெடிப்பு தட்டுப்படும். சூடான இன்ஜின் மேல் ஸ்ப்ரே அடித்துத் தேடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: ஐட்லிங் நிலையாக நிற்காமல், மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்குகிறது. இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கலாம். த்ராட்டில் மூடியிருக்க, வேகம் மட்டும் அதிகமாக இருந்தால், நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை உருளவிடுகிறீர்கள் என்று எண்ணி இசியு பெட்ரோலை நிறுத்துகிறது; வேகம் விழுந்ததும் மீண்டும் விடுகிறது; கூடுதல் காற்று இருக்கும்வரை இது ஓயாது. சில இன்ஜின்களில் குளிர்நேரத்தில் கூடுதல் காற்றை விட்டு வேகத்தைத் தருவது, கூலன்ட் சூட்டில் விரியும் மெழுகைக் கொண்ட வால்வு. கூலன்ட் குறைந்து அங்கே காற்று தங்கிவிட்டால் மெழுகு சூடாகாது, வால்வும் மூடாது. ஆகவே, இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஐட்லிங்கைக் குறைக்கும் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதுதானா?

பதில்: இல்லை. பம்ப் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள். சிக்னலில் ஆஃப் ஆகிக்கொண்டிருந்த வண்டியில் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை (தட்டு எதுவரை மூடலாம் என்று நிறுத்தும் ஸ்க்ரூ) அரைச் சுற்று உள்ளே விட்டேன். ஆறு மாதமாக ஆஃப் ஆகவே இல்லை.

பதில்: ஆஃப் ஆகும் என்று நான் சொல்லவில்லையே. கரி படிந்து அடைத்த காற்றுவழிக்குப் பதிலாகக் கதவையே, அதாவது த்ராட்டில் தட்டையே, சற்றுத் திறந்து வைத்திருக்கிறீர்கள். தட்டு முழுவதும் மூடாததால் த்ராட்டில் சென்சாரின் ஐடில் சுவிட்ச் சேராமல் போகலாம்; அப்படியானால், நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள் என்பதே இசியுவுக்குத் தெரியாது.

கேள்வி: ஓடுகிறதே ஐயா, பிறகென்ன?

பதில்: நாளை யாராவது அந்தக் கரியைச் சுத்தம் செய்தால், அதே வண்டி அதிவேக ஐட்லிங்கோடு உங்களிடம் திரும்பி வரும். அந்த ஸ்க்ரூ இருப்பது தட்டு துளையில் இறுகிச் சிக்காமல் தடுப்பதற்கு. பல வண்டிகளில் அதன் தலையில் பெயின்ட் வைத்து அனுப்புவதும் யாரும் தொடக்கூடாது என்பதற்காகவே. த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூவைப் பின்னுக்கு எடுத்துத் தட்டை மூடவிட்டு, முனை லேசாகத் தொடும்வரை மட்டும் முன்னே கொண்டுவந்து, மேனுவலில் உள்ள அளவுப்படி ஐடில் சுவிட்ச் சேருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வேகம் குறைவாக இருந்தால், விளக்கும் ஏசியும் அணைத்து, இன்ஜினைச் சூடாக்கி, மேனுவல் சொல்லும் முறையில், தட்டைச் சுற்றிப் போகும் காற்றின் அளவை மாற்றும் பைபாஸ் ஸ்க்ரூவைத் திருகுங்கள்.