தேரை சாப்பிட மறுக்கிறதா, சாப்பிட முடியாமல் தவிக்கிறதா?

கேள்வி: வணக்கம் அக்கா. டொராண்டோவில் இருக்கிறோம். எங்கள் அமெரிக்கத் தேரைக்கு மூன்று வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு நாளாக எதையும் தொடவில்லை. கிரிக்கெட் பூச்சி முதுகில் ஏறினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் தொட்டியில் உள்ள பூச்சிகளை இன்றிரவே எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் பூச்சி, அசையாத தேரையின் தோலைக் கடிக்கும். அந்தப் புண் வழியாகக் கிருமி போகும்.

அடுத்தது தராசு. சமையலறையில் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசே போதும். வெற்று டப்பாவை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, தேரையை உள்ளே விட்டு நிறுத்துப் பாருங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். நன்றாக இருக்கும் வளர்ந்த தேரை இரண்டு மூன்று வாரம் பட்டினி தாங்கும். கட்டைவிரல் நகமளவுக் குஞ்சு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் நாள் கணக்கைவிட எடைதான் முக்கியம். 45 கிராம் இருந்தது 40 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அப்போது காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது தண்ணீர். தேரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள தோலால் உறிஞ்சுகிறது. கண் உள்வாங்கி, தோல் சுருங்கி மங்கியிருந்தால் உடலில் நீர் இல்லை என்று அர்த்தம். நீரில்லாத உடம்பு இரையைக் கேட்காது. தட்டையான டப்பாவில், தாடை முழுகாத அளவு தண்ணீர் ஊற்றி, காலையும் மாலையும் 20 நிமிடம் உட்கார வையுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர் வேண்டும். உங்கள் ஊர்க் குழாய் நீரில் குளோரமின் கலக்கிறார்கள் என்றால், இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அது போகாது. மீன் தொட்டிக்கு விற்கும் நீர்ச் சீராக்கியைத்தான் ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த நீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள்; உப்பே இல்லாத நீர் தோல் வழியே அளவுக்கு மீறி உள்ளே போய்ச் சிறுநீரகத்துக்குச் சுமையாகும்.

இவ்வளவுக்கும் பிறகு வெப்பமானி. கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல், தேரை உட்காரும் இடத்தில் தரையோடு வையுங்கள். அமெரிக்கத் தேரைக்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் சரி. 28-ஐத் தாண்டினால் அதற்கு அவதி.

கேள்வி: குளிர்காலத்தில் சாப்பிடாதுதான், விட்டுவிடுங்கள் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. பகல் குறுகும்போது பசி குறையும். எடை இறங்காமல், தோல் பளபளப்பாக, இரவில் எழுந்து தண்ணீரில் போய் உட்கார்ந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் 12, 13 டிகிரி உள்ள அரைகுளிர் அறைதான் மிக மோசம். அந்த நிலையில் தேரை முழுதாக உறங்குவதும் இல்லை, தின்றதைச் செரிப்பதும் இல்லை. கடைசியாகத் தின்ற இரை வயிற்றிலேயே அழுகும். 20 டிகிரிக்கு மேல் வைத்து, 12 மணி நேரம் விளக்கு போடுங்கள். மெலிந்த தேரையைக் குளிர் உறக்கத்துக்கு அனுப்பவே கூடாது.

கேள்வி: எங்கள் தேரை இரையைப் பார்க்கிறது, குனிகிறது, பாய்கிறது. ஆனால் பிடிபடுவதில்லை. நாலைந்து தடவை முயன்றுவிட்டு ஒதுங்கிவிடுகிறது. வயதாகிவிட்டதா?

பதில்: நீங்கள் கவனித்துச் சொன்னது மிக முக்கியமான வேறுபாடு. உங்கள் தேரைக்குப் பசி இருக்கிறது, பிடிக்கத்தான் முடியவில்லை. சாப்பிட மறுக்கும் தேரைக்குச் செய்வதை இதற்குச் செய்தால் பலனில்லை.

முதல் சந்தேகம் நாக்கின் மேல். தேரையின் நாக்கு தாடையின் முன்நுனியில் ஒட்டியிருந்து, மடங்கி வெளியே விழும். அதன் மேலுள்ள சளிதான் பசை. வைட்டமின் ஏ குறைந்தால் அந்தச் சளியைச் சுரக்கும் திசு மாறி வறண்டுவிடும். நாக்கு இரையில் பட்டாலும் ஒட்டாது. அழிவின் விளிம்பில் இருந்த வயோமிங் தேரைகளைக் காப்பிடங்களில் வளர்த்தபோது இதைக் கண்டார்கள். வெளியே நாக்கு எட்டாததுபோலத் தெரிவதால் 'குறுநாக்கு நோய்' என்ற பெயர் வந்தது. கிரிக்கெட் பூச்சியில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. காரட்டில் உள்ள, வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் இங்கே நம்பத் தகுந்ததல்ல. சத்துப் பொடி வாங்கும்போது உறையில் 'ரெட்டினால்' (வைட்டமின் ஏ-யின் நேரடி வடிவம்) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். டப்பாவைத் திறந்து ஆறு மாதம் ஆனால் புதிது வாங்குங்கள். ஏற்கெனவே நோய் வந்த தேரைக்குக் கால்நடை மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்; வைட்டமின் ஏ மிகுந்தாலும் நஞ்சு.

இரண்டாவது சந்தேகம் கால்சியம். கிரிக்கெட் பூச்சியிலும், மீல் வார்ம் எனும் தீவனப் புழுவிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். கால்சியம் குறைந்த தேரைக்குத் தாடை ரப்பர்போல மென்மையாகும், கால் விரல்கள் துடிக்கும், பாயும்போது தடுமாறும். இரையைப் பையில் போட்டுக் கால்சியப் பொடி தூவிக் குலுக்கிக் கொடுங்கள், ஒன்று விட்டு ஒரு வேளை. வைட்டமின் டி3-உடன் பல வைட்டமின்கள் கலந்த பொடி வாரம் ஒருமுறை போதும். தாடை மென்மையாக இருந்தால் வாயைத் திறக்கவே முயலாதீர்கள், உடைந்துவிடும்.

கேள்வி: தொட்டியில் அழகுக்காகச் சிறு கூழாங்கல் போட்டிருந்தோம். பத்து நாளாகக் கழிவும் இல்லை, சாப்பாடும் இல்லை. வயிறு ஒரு பக்கம் புடைத்திருக்கிறது.

பதில்: இரையோடு கல்லையும் விழுங்கியிருக்கலாம். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் கல் தெளிவாகத் தெரியும். அதுவரை 24 டிகிரி நீரில் முன்பு சொன்னபடி ஊற வையுங்கள், இரை கொடுக்காதீர்கள். எண்ணெய் புகட்டச் சொல்வார்கள்; மூச்சுக்குழாயில் போனால் அதுவே கொல்லும். பின்துளை வழியே செந்நிறச் சதை வெளியே தள்ளியிருந்தால் காய விடாமல் ஈரத் துணி சுற்றி அன்றே கொண்டுபோங்கள். இனித் தொட்டிக்கு மண்ணும் காய்ந்த இலையும் போதும். நோயுற்ற காலத்தில் ஈரமான காகிதத் துண்டு, தினமும் மாற்றி.

கேள்வி: தொடையும் அடிவயிறும் சிவந்திருக்கின்றன. தோலும் அடிக்கடி உரிகிறது.

பதில்: இன்றே மருத்துவரிடம் போங்கள். சிவப்பு என்பது இரத்தத்தில் கிருமி பரவியதன் அடையாளமாக இருக்கலாம். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா காரணமாகலாம். ஓயாமல் தோல் உரிவதும், மல்லாத்தினால் புரளத் தெரியாததும் கைட்ரிட் பூஞ்சையில் வரும். தோலில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்தால் தெரியும். குணமாக்கக்கூடியது; பூஞ்சைக்கொல்லி மருந்தான இட்ராகோனசோலில் குளியல் கொடுப்பார்கள். மற்றத் தேரைகளை உடனே பிரியுங்கள். ஒரு தொட்டியின் இடுக்கி, தட்டு, தண்ணீர் எதுவும் மற்றதற்குப் போகக் கூடாது. அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், காட்டுத் தவளைகளுக்குப் பரவும்.

மாதத்தில் சில தடவை தோல் உரித்து, வாயை இழுத்து இழுத்துத் தானே தின்பது வேறு. அது இயல்பு.

கேள்வி: வாயில் நாமே ஊட்டலாமா? எப்படி?

பதில்: கடைசி வழி. நான்கைந்து நாள் நீரும் சூடும் சரிசெய்து, எடை இன்னும் இறங்கினால் மட்டும். பொடி தடவாத கையுறையைக் குளோரின் நீக்கிய நீரில் நனைத்துப் போடுங்கள். கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையின் முனையை வாயின் முன்பக்கம் மெல்லச் செருகிப் பொறுங்கள், நெம்பக் கூடாது. திறந்ததும், கழுவிய மண்புழுவில் ஒரு சென்டிமீட்டர் துண்டை நாக்கின் பின்பகுதியில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். கண் இரண்டும் உள்ளே அமுங்கி எழும்பினால் விழுங்குகிறது. கண்ணாலும் இரையைத் தள்ளுகிற உயிர் அது. பிறகு இரண்டு நாள் தொடாதீர்கள். உரத் தொட்டியில் வளர்க்கும் சிவப்புப் புழு கசக்கும், துப்பிவிடும். பெரிய மண்புழுவே நல்லது.

அதற்கு முன் ஒன்று முயலுங்கள். தேரைக்கு அசையாதது இரையே அல்ல. தன் நீளவாக்கிலேயே நகரும் ஒரு கோடு அதன் கண்ணுக்குப் புழு; அதே கோடு செங்குத்தாக நின்று நகர்ந்தால் கண்டுகொள்ளாது. புழுவை இடுக்கியில் தொங்கவிட்டு ஆட்டுகிறோம் அல்லவா, அதனால்தான் பல தேரைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. தரையில் படுக்க வைத்து, மூன்று அங்குலம் தள்ளி, மெதுவாக இழுங்கள். அந்தி நேரத்தில், விளக்கைக் குறைத்து.

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். ஜூலையில் தோட்டத்தில் சோர்ந்து கிடந்த தேரையை எடுத்து வந்தேன். மூக்குத் துளை பெரிதாகி நுரை வருகிறது.

பதில்: இது தேரை ஈயாக இருக்கலாம், லூசிலியா பூஃபோனிவோரா. தேரையின் மேல் முட்டையிடும். புழுக்கள் மூக்கில் புகுந்து சதையைத் தின்னும். நுரையோடு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வலி வெகுவாக இருக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், வலியில்லாமல் கண்மூட வைப்பதே நல்லது என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். உங்கள் மேல் தவறில்லை.

கேள்வி: மருத்துவரிடம் எதை எடுத்துப்போவது?

பதில்: முன்கூட்டியே அழைத்து, தவளை, தேரை பார்ப்பாரா என்று கேளுங்கள். காற்றுத் துளையிட்ட டப்பாவில் ஈரக் காகிதத் துண்டு, தேங்கிய தண்ணீர் வேண்டாம். அன்றைய கழிவு கிடைத்தால் சிறு டப்பாவில் தனியே. குடற்புழு பார்க்க அது வேண்டும். எடை எழுதிய தாள், தொட்டியின் படம், கொடுத்த சத்துப் பொடியின் உறை. வீட்டில் இருக்கும் குடற்புழு மருந்து எதையும் நீங்களாகப் போடாதீர்கள். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தின் அளவு சற்றுப் பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் வைக்காதீர்கள்.