கேளுங்க அக்கா: நாலு நிமிட மேடை

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. சொந்த ஊர் விருதுநகர். ஏழு வருடமாக பெங்களூரில் ஐ.டி. வேலை. ஆபீஸ் பேன்ட்ரியில் நான் பேச ஆரம்பித்தால் எல்லோருக்கும் டீ ஆறிப்போகும், அப்படிச் சிரிப்பார்கள். அதை நம்பி இந்திராநகரில் ஒரு ஓபன் மைக்குக்கு, அதாவது புதியவர்களும் மேடையேறி ஜோக் சொல்லிப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு, பெயர் கொடுத்துவிட்டேன். அடுத்த வியாழன், நான்கு நிமிடம். மேனேஜரின் பிறந்தநாள் கேக், ராத்திரி பத்து மணிக்கு மேல் மிக்சி போடக் கூடாது என்று அக்ரிமென்டிலேயே எழுதிய வீட்டு ஓனர், இப்படி இரண்டு கதை கையில் இருக்கிறது. எதைச் சொல்வது? தமிழா, ஆங்கிலமா? யாரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது?
- வாசகர், சி.வி. ராமன் நகர்

பதில்: தம்பி, கேக் கதையை பேன்ட்ரியிலேயே விட்டுவிடுங்கள். அங்கே சிரித்தவர்களுக்கு அந்த மேனேஜரைத் தெரியும். இந்திராநகரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் யார் என்று விளக்குவதற்குள் உங்கள் நேரத்தில் பாதி போய்விடும். ஓனர் கதைதான் சரி. பெங்களூரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஓனரை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கியவர் மிக்சிக்கும் மணி குறித்தார் என்று நேராக உள்ளே போய்விடலாம். சாம்பாரில் வெல்லம், சில்க் போர்டு டிராஃபிக் இரண்டையும் மட்டும் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஏறும் நாலு பேர் அதைச் சொல்லி முடித்திருப்பார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. என் மாமியார் திருச்சியிலிருந்து வருவதைப் பற்றி மேடையில் சொல்ல ஒரு ஜோக் வைத்திருந்தேன். பை மட்டும் வந்தால் இரண்டு நாள் இருப்பார், காபி ஃபில்டரும் வந்தால் ஒரு மாதம். முடிக்கும்போது, "இந்தத் தடவை கேஸ் புக்கையே எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க" என்பேன். சிரிப்பு வரும், ஆனால் பாதியில் நின்றுவிடும். எனக்குக் காரணமே புரியவில்லை. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும் இல்லையா? ஜனங்கள் "கேஸ் புக்" என்றதுமே சிரிக்கத் தொடங்குகிறார்கள். நானோ அதன் மேலேயே "எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க" என்று பேசி, அந்தச் சிரிப்பை நானே அமுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது, "இந்தத் தடவை பையைத் திறந்து வெளியே எடுக்கிறாங்க... கேஸ் புக்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. நாம்தான் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். திண்ணையில் கதை சொன்ன நம் பாட்டிகளுக்கு இது தெரியும். "வந்தான் பாரு, உன் தாத்தா" என்பார்கள்.

உங்கள் ஓனர் கதையிலும் கடைசியாக விழ வேண்டிய சொல் மிக்சி. எழுதிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

நான்கு நிமிடத்துக்கு மூன்று நிமிடச் சரக்கு போதும். போனில் டைமர் வைத்து நின்றுகொண்டே சொல்லிப் பாருங்கள், உட்கார்ந்து சொன்னால் கணக்கு தப்பும். இன்னொன்று, ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது பின்னாலிருந்து போன் டார்ச்சைக் காட்டுவார்கள். அதை 'லைட்' என்பார்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. யாரோ போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். ஆறாவது நிமிடத்தில் நடத்துகிற பையன் மேடைக்கே வந்து பக்கத்தில் நின்றான். அப்போதும் அவனை என் ரசிகன் என்றே நினைத்தேன்.

மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டை ஓரமாக வையுங்கள். அதன் பின்னால் ஒளியாதீர்கள்.

சிரிக்காவிட்டால்? சில இடங்களில் சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் முதலில் ஏறியபோது எனக்கு 43 வயது. கல்லூரி நூலகத்தில் இருபது வருடம் "சத்தம் போடாதீங்க" என்று சொன்னவள் நான். ஒருத்தர் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். இருந்ததே பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்த காமெடியன்கள், மடியில் நோட்டு, மனசு அவரவர் ஜோக்கில். அவர்கள் சிரிக்காததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "ஏன் சிரிக்க மாட்டேங்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது கடன் கேட்பது மாதிரி, கொடுக்கிறவனும் ஒதுங்கிவிடுவான். அடுத்த வரிக்குப் போங்கள். போனில் ஆடியோ பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்று ராத்திரியே வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை, இந்திராநகர் மேடைகளில் ஆங்கிலமும் இந்தியும்தான் அதிகம் புழங்குகின்றன. அன்று எந்த மொழி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிருந்தபடியே ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் நிகழ்ச்சி செய்கிறவர் ஸ்டாண்ட்-அப் காமெடியன் பிரவீன் குமார், ஆகவே ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. யோசித்துப் பாருங்கள், ஓனர் கன்னடத்தில் திட்டுகிறார், நீங்கள் தமிழில் முழிக்கிறீர்கள், அக்ரிமென்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்த மொழியில் பேசினாலும் அந்தக் குழப்பத்தின் சுவையைக் கெடுத்துவிடாமல் சொன்னால் சரி.

கேள்வி: என் கணவர் ஆறு மாதமாக மேடை ஏறுகிறார். பேசுவதெல்லாம் என் அம்மாவைப் பற்றித்தான். நான் கோபப்பட்டால், "காமெடியைக் காமெடியா பாரு" என்கிறார்.
- வாசகி, அல்சூர்

பதில்: அந்த வசனத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவரைப் பற்றி மேடையில் சொல்வதை அவர் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்ட முடியாவிட்டால் அது மேடைக்கும் போகக் கூடாது. எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். கேஸ் புக் ஜோக்கை மாமியாரிடம் சொல்லிக் காட்டிய அன்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அவர் முகத்தைச் சுளிக்கவே இல்லை. "கேஸ் புக் மட்டுமா? ரெகுலேட்டரையும்தானே கொண்டாந்தேன்" என்றார். இன்றுவரை அந்த வரிக்குத்தான் அதிகச் சிரிப்பு. உங்கள் கணவரை அம்மாவிடம் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்களும் இருங்கள்.