அம்மா வென்டிலேட்டர் வேண்டாம் என்கிறார். எழுதி வைத்தால் செல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது, நாள்பட்ட நுரையீரல் நோய். "கடைசி நேரத்தில் குழாயெல்லாம் செருகி என்னைப் படுத்தாதீங்க" என்கிறார். இதை எழுதி வைத்தால் செல்லுமா? கருணைக்கொலை என்று கேஸாகிவிடும் எனத் தம்பி பயப்படுகிறான். (கும்பகோணம் வாசகி)

பதில்: செல்லும். தம்பி இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். ஊசி போட்டு உயிரைப் போக்குவது, நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும், நம் நாட்டில் குற்றம்தான். தேறவே வழியில்லாதபோது உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை வேண்டாம் என்பது வேறு. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அம்மா கேட்பது இதைத்தான்.

"எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று தம்பி கேட்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011இலேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சிகிச்சையை நிறுத்துவதற்குச் சில விதிமுறைகளை வகுத்து, சட்டம் வரும்வரை இவற்றைப் பின்பற்றச் சொன்னது. சட்ட ஆணையம் 2006, 2012 என இரண்டு முறை அறிக்கை கொடுத்தது. 2016இல் ஒரு வரைவு மசோதா மக்கள் கருத்துக்கு வந்தது, அது சட்டமாகவில்லை.

தயங்கக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு பழக்கம் இருந்தது. படுக்கையில் விழுந்த பெரியவருக்கு எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீர் ஊற்றி, இளநீர் புகட்டி முடித்துவிடுவார்கள். அவருக்குச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை. அந்தப் பயம் இருப்பதால்தான் தெளிவான சட்டம் வேண்டும் என்கிறேன். எம்.பி.க்கள் பேசாமல் தள்ளிப்போடும் சுமையை ஐசியூ வாசலில் நிற்கும் பிள்ளைகள் தூக்க வேண்டியிருக்கிறது.

சரி, பத்திரத்துக்கு வருவோம். எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் இந்தப் பத்திரத்தை லிவிங் வில் என்று கேட்டால் வக்கீல்களுக்குத் தெரியும். முன்பு மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. இப்போது அம்மா தெளிந்த நினைவோடு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாக இருப்பது நல்லது. எந்தச் சிகிச்சை வேண்டாம், தனக்கு நினைவு இல்லாதபோது யார் முடிவு சொல்வது என்று பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும் என்ற வரியை நான் எப்போதும் சேர்க்கச் சொல்வேன். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்துகொள்ளலாம்.

பத்திரம் இருக்கிறது என்பதற்காக டாக்டர் உடனே கருவியை நிறுத்திவிட மாட்டார். சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு கூடும். கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும். அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரோடு இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் சம்மதம் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். இத்தனையும் முறைப்படி நடந்தால் தம்பி பயப்படும் கேஸுக்கு இடமில்லை.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அப்பா எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார். அந்தக் கவர் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து அவர் போனபிறகு, காரியத்துக்குப் புடவை எடுக்கும்போதுதான் அது மகள் கையில் கிடைத்தது. அதனால் ஒரு நகல் குடும்ப டாக்டரிடம், ஒன்று மாநகராட்சி அலுவலகத்தில், ஒன்று அம்மாவின் மருத்துவ ஃபைலிலேயே இருக்கட்டும்.

தம்பியை ஒதுக்கிவிட்டு இதைச் செய்யாதீர்கள். குழாய் வேண்டாம் என்று உங்களிடம் சொன்னதை அம்மா அவரிடமும் நேரில் சொல்லட்டும். அவர் மனதார ஒப்புக்கொண்டால், முடிவு சொல்பவர்களில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள்.