பழைய டர்போ கார் பெடலைத் தொட்டதும் துள்ளுகிறது, த்ராட்டிலை (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டை) சரிசெய்தால் போகுமா?

பெரும்பாலும் போகும், ஆனால் ஸ்பேனருக்கு முன்னால் துணியை எடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு காற்றுக் குழாயைக் கழற்றினால், த்ராட்டில் தகட்டின் விளிம்பில் எண்ணெய்ப் புகை கறுப்பாகப் பிசின் போலப் படிந்திருக்கும். தகடு அதில் ஒட்டிக்கொண்டு சட்டென்று விடுபடுவதால்தான் வண்டி துள்ளுகிறது. த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் பெடலையும் தகட்டையும் இணைக்கும் கேபிள். ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு போதும். அதிகம் தளர்ந்திருந்தால் பெடல் கொஞ்ச தூரம் சும்மா போய்விட்டுத் திடீரென்று இழுக்கும், தளர்வே இல்லாவிட்டால் தகடு முழுதாக மூடாமல் ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறிவிடும். இன்னொருவரை பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தகடு மூடும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகை மட்டும் தொடாதீர்கள், பலர் அதைத் திருகித்தான் இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.