நெருப்பு நாயகிக்கு ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு நெருப்பை ஆளும் சக்தி. சட்டென்று கோபப்படுவாள். நாயகனுக்குப் பனியை ஆளும் சக்தி. எதற்கும் அசைய மாட்டான். படித்துப் பார்த்த தோழி, “இவங்களை ஏற்கெனவே எங்கயோ பார்த்திருக்கேன்” என்கிறாள். குணங்களை மாற்றிவிடட்டுமா?
– கல்லூரி மாணவி

பதில்: மாற்ற வேண்டாம். ஆனால் தோழி சொன்னது சரிதான். நெருப்புக்குக் கோபம், நீருக்கு நிதானம் என்ற கணக்கு மிகப் பழையது. உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு திரவங்கள் இருப்பதாகவும், எது மிகுகிறதோ அதற்கேற்ப உடல்நிலையும் குணமும் அமையும் என்றும் கிரேக்க மருத்துவ மரபு நம்பியது. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் அதை விரிவாக வளர்த்தெடுத்தார். மஞ்சள் பித்தம் மிகுந்தவர் முன்கோபி, அவருக்கு நெருப்பு. சளி மிகுந்தவர் நிதானி, அவருக்கு நீர். ரத்தம் மிகுந்த உற்சாகிக்குக் காற்று, கரும்பித்தம் மிகுந்த துயரக்காரருக்கு மண். மருத்துவம் இதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. மாயக்கதைகள் இன்னும் விடவில்லை.

குணம் பழையதாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளுக்கு எதனால் கோபம் வருகிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் கவலை. நாவல் பிரதிகளைத் திருத்துவது என் தொழில். ஃபேன்டஸி பிரதிகளில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான். நாயகி முதல் அத்தியாயத்தில் காவலனிடம் சீறுவாள், அப்புறம் குருவிடம், அப்புறம் காதலனிடம். மூன்று இடத்திலும் ஒரே அளவு, ஒரே மாதிரியான கோபம். நூறாவது பக்கத்தில் அவள் கோபப்பட்டால் வாசகருக்கு ஒன்றும் ஆவதில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பொறுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள். ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள், அதாவது காரணங்கள். வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலுறுப்பை அறுத்தல், தன்னைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்தல், வைதும் அடித்தும் வருத்துதல், கொல்லத் துணிதல். எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் எனக்குத் தெரியாது. தன்னை எவ்வளவு இழிவாகப் பேசினாலும் தாங்கிக்கொள்கிறவள், தம்பி மேல் ஒருவன் கைவைத்தால் எரிக்கிறாள் என்று வையுங்கள். இன்னொருத்தி ஊரே அழிந்தாலும் கலங்காமல் இருந்து, தன்னை ஒருவன் ஏளனமாகப் பார்த்ததற்கு எரிக்கிறாள். இருவரையும் முன்கோபி என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் ஒருத்தியை நம்பி என் குழந்தையை விட்டுப் போவேன், இன்னொருத்தியின் கண்ணில்கூடப் பட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண நாவலில் கோபப்பட்டவர் மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்கலாம். உங்கள் நாயகி மன்னிப்புக் கேட்க வரும்போது வீடே சாம்பலாகியிருக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படி ஒரு சக்தியோடு வாழ்ந்தவள் எப்படித் தூங்குவாள்? யார் பக்கத்தில் உட்காருவாள்? பேச்சு சூடாகும்போது எழுந்து வெளியே போய்விடும் பழக்கம் அவளுக்கு வந்திருக்காதா? இதையெல்லாம் யோசித்தால் உங்கள் முன்கோபி வாய் திறக்காத பெண்ணாகவே மாறிவிடக்கூடும். அப்படி மாறினால் விட்டுவிடுங்கள், தடுக்காதீர்கள்.

பனி நாயகனைப் பற்றி ஒரே கேள்வி. அவன் நிதானம் பிறவியிலேயே வந்ததா, பழக்கிக்கொண்டதா? பிறவி என்றால், நண்பன் இறந்த மறுநாளே அவன் சாப்பிட்டுவிடுவான், அதைப் பார்த்து மற்றவர்கள் புண்படுவார்கள். பழகியது என்றால், எங்கேயோ ஓரிடத்தில் அது உடையும். எழுதத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: 16 ஆளுமை வகைகள் கொண்ட மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை என் கதாபாத்திரங்கள் எல்லோருக்கும் எழுதிப் பார்த்தேன். நாவலுக்கு உதவுமா?
– மென்பொருள் ஊழியர்

பதில்: ஓரளவுக்கு உதவும். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைகள் பற்றிய நூலை அடிப்படையாக வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது அது. இசபெல் துப்பறியும் நாவலும் எழுதியவர். அதனாலோ என்னவோ, கதை எழுதுகிறவர்களுக்கு அந்தத் தேர்வு மேல் தனிப் பிரியம் உண்டு.

அதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பயத்தில், இழப்பில், அவமானத்தில் ஒருவர் எவ்வளவு எளிதாக நிலைகுலைவார் என்பதை அளக்க, அந்தத் தேர்வு ஒவ்வொரு வகைக்கும் தரும் நான்கு எழுத்துக் குறியீட்டில் இடமே இல்லை. ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஐந்து பெரும் பண்புகள் என்ற முறையில் அதற்கென்றே ஓர் அளவை இருக்கிறது. அங்கே ஆட்களை வகை பிரிப்பதும் இல்லை, கூடக் குறைய என்று அளவாகவே சொல்கிறார்கள். டிராகனை எதிரே நிறுத்தப் போகிற உங்களுக்கு, நாயகன் விருந்துகளை விரும்புவானா என்பதைவிட அவன் கை எப்போது நடுங்கும் என்பதுதான் முக்கியம். எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அத்தியாயம் எழுதும்போது திறக்காதீர்கள்.

கேள்வி: மாயக்கதை இனங்களில் எல்ஃப் என்றால் அமைதி, குள்ளர் என்றால் முரட்டுத்தனம். ஓர் இனத்துக்கே ஒரே குணமா? எரிச்சலாக இருக்கிறது.
– நூலகர்

பதில்: எனக்கும் எரிச்சல்தான். ஆனால் இந்த வழக்கம் பரவக் காரணமான, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனிடம் அது இவ்வளவு மொட்டையாக இல்லை. அவருடைய எல்ஃபுகளில் மிகத் திறமைசாலியான ஃபியனோர் தணியாத கோபமும் கர்வமும் கொண்டவன். கலாட்ரியல் என்ற எல்ஃப் பெண்ணின் கூந்தலில் கொஞ்சம் வேண்டும் என்று மூன்று முறை கேட்டான். அவள் ஒரு முடிகூடத் தரவில்லை. யுகங்கள் கடந்து, கிம்லி என்ற குள்ளனிடம் என்ன பரிசு வேண்டும் என்று அவளே கேட்கிறாள். அவன் முதலில் ஒன்றும் வேண்டாம் என்கிறான். வற்புறுத்திய பிறகு தயங்கித் தயங்கி ஒரே ஒரு முடி கேட்கிறான். மூன்று தருகிறாள். இனத்தின் பொதுக்குணத்தை முதலில் நிறுவிவிட்டு அதற்கு எதிராக ஒருவனை நடக்கவிடுவதால்தான் அந்த இடம் நெஞ்சைத் தொடுகிறது. பின்னால் வந்தவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: என் 12 வயது மகள் மாயக்கதைகளில் மூழ்கிக் கிடக்கிறாள். ஒதுங்கியே நிற்கும், பயந்த கதாபாத்திரத்தைக் காட்டி “இது நான்தான்” என்கிறாள். கவலைப்பட வேண்டுமா?
– ஒரு தாய்

பதில்: அவள் அதைச் சொன்னது நல்ல விஷயம். 1956இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் குழந்தைகளின் இயல்பைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். எளிதில் பழகுபவர்கள் சுமார் 40 சதவீதம், சமாளிக்கக் கடினமானவர்கள் 10, மெதுவாகப் பழகுபவர்கள் 15. மீதி 35 சதவீதக் குழந்தைகள் எந்த வகையிலும் அடங்கவில்லை. மெதுவாகப் பழகுவதை அவர்கள் நோயாகப் பார்க்கவில்லை. குழந்தையின் இயல்பும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதைத்தான் முக்கியமாகக் கருதினார்கள்.

“நீ ஏன் அந்த வீராங்கனை மாதிரி இருக்கக் கூடாது” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அம்மா. அந்தப் பயந்த பாத்திரம் கதையில் என்ன செய்கிறது, எதைப் பார்த்துப் பயப்படுகிறது, யாரிடம் மட்டும் பேசுகிறது என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் பாதி அவளைப் பற்றியதாக இருக்கும். பள்ளிக்குப் போக மறுக்கிறாள், தூக்கமோ சாப்பாடோ குறைகிறது என்றால் தாமதிக்காமல் குழந்தை மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை நீங்களும் வாங்கிப் படியுங்கள்.