நிறுவுவதற்கு இன்னொரு பெயர் எதற்கு?

அன்புள்ள ஐயா,

ப்ளே ஸ்டோரில் இல்லாத செயலிகளைப் பற்றிய கட்டுரையில் எல்லா இடத்திலும் வெறுமனே ‘நிறுவுதல்’ என்றே எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைக்கு வெளியிலிருந்து செயலியைப் போனில் போடுவதை மற்றவர்கள் ‘சைட்லோடிங்’ என்கிறார்கள். ‘புறவாசல் நிறுவல்’ என்று நாமும் ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டால் என்ன? குறுஞ்செய்தியில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) தொட்டுப் பணத்தைப் பறிகொடுப்பவர்களை எச்சரிக்கவாவது தனிச்சொல் வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சொல்லை நான் எழுதமாட்டேன். புறவாசல் என்றதுமே ஒளிந்து நுழைகிற ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறான். செயலி எப்படிப்பட்டது என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு விழுந்துவிடுகிறது.

விஎல்சி பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கும் வீடியோலேன் குழுவின் தளத்திலிருந்து இறக்கி விண்டோஸ் கணினியில் போட்டால், அது நிறுவுதல். அதே தளத்திலிருந்து, அதே குழு தரும் ஏபிகே-யை இறக்கி ஆண்ட்ராய்டு போனில் போட்டால் மட்டும் சைட்லோடிங். என்ன மாறிவிட்டது? இடையில் ப்ளே ஸ்டோர் என்று ஒரு கடை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் கணினியிலிருந்து கேபிள் போட்டு எம்பி3 பிளேயருக்குப் பாட்டை மாற்றுவதைக்கூட சைட்லோடிங் என்றே குறித்தார்கள். அப்போது அதில் குற்றத்தின் வாடை இல்லை. 2021-இல் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, இணையக் குற்றவாளிகளின் உற்ற நண்பன் என்றே அதை மேடையில் வர்ணித்தார்.

எச்சரிக்கைக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு 7 வரை, கடைக்கு வெளியிலிருந்து நிறுவ அனுமதிப்பதற்கு ‘தெரியாத மூலங்கள்’ என்று ஒரே ஒரு சுவிட்ச் இருந்தது. யாருக்குத் தெரியாத மூலம்? விஎல்சி-யை யார் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியுமே! 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8, கோப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கத் தொடங்கியது. யார் கொண்டுவருகிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2010-இலிருந்து திறந்த மூலச் செயலிகளை (நிரலை யாரும் பார்க்கக்கூடியவை) தரும் எஃப்-டிராய்டு தளத்துக்கும், முகம் தெரியாதவன் வங்கியின் பெயரில் அனுப்பும் கோப்புக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் எச்சரிக்கைதான் மழுங்கும். ‘முன்பின் தெரியாதவர் அனுப்பிய செயலியை நிறுவாதீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், போனைப் பற்றி எதுவுமே அறியாதவருக்கும் புரியும்.

இப்போது இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ப்ளே ஸ்டோருக்கு வெளியே செயலி தருகிறவர்களும் தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ‘சைட்லோடிங்குக்குக் கட்டுப்பாடு’ என்று படிக்கிறவர், நமக்கென்ன என்று கடந்துபோவார். ‘உங்கள் போனில் நீங்கள் நிறுவுவதற்குக் கட்டுப்பாடு’ என்றால் நின்று படிப்பார்.

வேறுபடுத்தியே ஆக வேண்டிய இடத்தில் ‘கடைக்கு வெளியிலிருந்து நிறுவுதல்’ என்று எழுதுகிறேன். நீளம்தான், பரவாயில்லை. கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் ‘சைட்லோட்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதை விளக்கும்போது மட்டும் அந்தச் சொல் அப்படியே வரும்.