டிமென்ஷியா வந்த அம்மாவை எங்கே சேர்ப்பது, கோவையா திருச்சூரா? செலவை எப்படிச் சமாளிப்பது?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் இருக்கிறோம், அம்மாவுக்கு அல்சைமர் (டிமென்ஷியா என்ற மறதி நோயில் ஒரு வகை), வயது 76, வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை, முழுநேரக் காப்பகம் என்றால் கோவை நல்லதா திருச்சூர் நல்லதா, மாதாமாதம் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே தாலுக்காதான், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு. நீங்கள் மகளா மருமகளா தெரியவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படி எழுதிக் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை ராத்திரி தூக்கமில்லாமல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெற்றவர்களைக் கொண்டுபோய் விடுவது பாவம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா நடுராத்திரியில் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, வேட்டி இல்லாமல், கோவை ரோட்டில் போய் நின்றவர். அந்த ரோட்டில் ராத்திரி முழுக்க லாரி ஓடும். ஒரு கள்ளு வண்டிக்காரர் அடையாளம் தெரிந்து கூட்டிக்கொண்டு வந்தார், இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். பிறகு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டோம், பூட்டிய கதவைத் தட்டித் தட்டி அவர் கையில் ரத்தம் வந்தது. எங்கள் அம்மாவுக்கு அப்போதே முட்டி வலி, எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். "ஏனுங்க, வாத்தியாரைக் கொண்டுபோய் விட்டுட்டீங்களாமா?" என்று கேட்டவர்கள் யாரும் ஒரு ராத்திரி வந்து எங்களோடு உட்கார்ந்து பார்த்ததில்லை. பாவ புண்ணியக் கணக்கை அவர்களிடம் நான் ஒப்படைக்கத் தயாராக இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: கோவை, திருச்சூர் என்று ஊரைப் பார்க்காதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தக் கட்டிடத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் அம்மாவோடு எந்த மொழியில் பேசுவார்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இதை இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் அனுபவம் அப்படி. அப்பா தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேரள அரசு வேலை, மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீசில் மலையாளத்திலேயே வாதாடிவிட்டு வருவார். 2019-இல் கோவையில் நரம்பியல் டாக்டர் அல்சைமர் என்று சொன்னார். பி12, தைராய்டு எல்லாம் பார்த்து, ஸ்கேன் எடுத்து, அப்புறம்தான் சொன்னார். உங்கள் அம்மாவுக்கும் அந்த ரத்தப் பரிசோதனைகள் நடந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறைகளாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்குள் அப்பாவின் மலையாளம் போய்விட்டது. பின்னால் கற்ற மொழி முன்னால் உதிர்ந்துவிடுவது இந்த நோயில் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். தமிழ் மட்டும் நின்றது. அதிலும் சின்ன வயதில் அவர் வீட்டில் பேசிய தமிழ்.

முதலில் சேர்த்தது திருச்சூர் பக்கத்தில் ஒரு பெரிய இடம். பெயர் சொல்ல மாட்டேன், கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம். தோட்டம், சறுக்காத டைல்ஸ், ஒவ்வொரு அறையிலும் கைப்பிடிக் கம்பி, பகலில் பாட்டு, படம் வரைதல் எல்லாம் இருந்தது. பகல் நேரத்து நர்சுகள் நன்றாகப் படித்தவர்கள். ராத்திரிக்கு மாடிக்கு ஒரே ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது.

பொழுது சாயும் நேரம் வந்தால் இந்த நோயாளிகளுக்கு ஒரு பதற்றம் பிடிக்கும். டாக்டர்கள் சன்டவுனிங் என்பார்கள். அப்பாவுக்கு அது ராத்திரி வரை நீளும். "பெல் அடிச்சிருச்சு, பிள்ளைக வெளியில நிக்குது" என்று எழுந்து கேட்டை நோக்கி நடப்பார். அந்தப் பெண் "மாஷே, கிடக்கு மாஷே" (சார், படுங்க சார்) என்று மலையாளத்தில் சொல்லிக் கையைப் பிடித்தால், யாரோ தெரியாத ஆள் தன்னைப் பிடித்து நிறுத்துவதாக நினைத்துக் கையை ஓங்கிவிடுவார். என் அப்பா வகுப்பில் பிரம்பு எடுக்காத வாத்தியார். அங்கிருந்து போன் வந்தது: ஆள் வயலென்ட் ஆகிறார், மாத்திரையைக் கூட்ட வேண்டும், சம்மதம் கொடுங்கள் என்று. டாக்டரைக் கேட்டோம். டிமென்ஷியா உள்ள வயதானவர்களுக்கு அந்த வகை மனநோய் மாத்திரைகள் உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். சம்மதம் கொடுக்கவில்லை. அடுத்து போய்ப் பார்த்தபோது அப்பா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டைச் சுற்றி நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அட்வான்ஸில் பாதி திரும்பவில்லை, அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

உடனே எல்லோரும் கோவை கோவை என்றார்கள். எல்லையில் வாளையார் தாண்டினால் தமிழ்தானே என்று நினைத்துத்தான் நானும் போனேன். ஓர் இடத்தில் ராத்திரி ஆட்கள் எல்லோரும் ஒடிசாப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், குற்றம் சொல்லவில்லை, ஊரை விட்டு வந்து யாரோ பெற்றவர்களுக்கு மலம் அள்ளுகிறார்கள். ஆனால் அப்பாவுக்கு அவர்களும் மலையாளப் பெண்ணும் ஒன்றுதான். போர்டு தமிழில் இருக்கிறது என்பதற்காக உள்ளே தமிழ் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கடைசியில் கிடைத்தது சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் ஒரு பழைய ஓட்டு வீடு. நடத்துவது ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால் ராத்திரி ஆயாக்கள் இரண்டு பேரும் வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள். முதல் வாரத்தில் ஒரு ராத்திரி நான் கூட இருந்தேன். வழக்கம்போல அப்பா எழுந்து பெல் அடித்துவிட்டது என்றார். அந்த ஆயா அவரைத் தொடவே இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க சார், பள்ளிக்கூடம் லீவு. நாளைக்குப் போலாமுங்க" என்றார். "ஓ, ஞாயிறா?" என்று கேட்டுவிட்டு அப்பாவே போய்ப் படுத்துக்கொண்டார். மாத்திரை எதுவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த இடத்தை முடிவு செய்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

பொய் சொல்லி ஏமாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். பதறுகிற மனுஷனிடம் போய் நீங்கள் ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது என்று நிரூபித்து யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பார்க்கப் போகும்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், சொல்லாமல் போங்கள். காலையில் எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். எடை நோட்டைக் கேளுங்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிற இடம் சாப்பாடு ஊட்டுவதிலும் கவனமாக இருக்கும். படுக்கையில் விழுந்த பிறகும் வைத்துக்கொள்வார்களா, சாப்பாட்டுக்கு டியூப் போட்டால் பார்ப்பார்களா என்று கேட்டாக வேண்டும். நடமாடும் வரைதான் எங்கள் பொறுப்பு என்று சொல்கிற இடங்கள் உண்டு, அதைச் சேர்க்கும்போது சொல்ல மாட்டார்கள். திடீரென்று ஒருநாள் குழப்பம் அதிகமானால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா பார்ப்போம் என்று பதில் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, கேரளத்தில் 2008 முதல் பாலியேட்டிவ் கேர் (தீராத நோயில் வேதனை தணிக்கும் பராமரிப்பு) கொள்கை இருக்கிறது, பஞ்சாயத்து மூலம் நர்ஸ் நோயாளி இருக்கும் இடத்துக்கே வருவார். எல்லை தாண்டிக் கோவைக்குப் போனால் அந்தத் துணை உங்களோடு வராது. வீட்டிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்க நினைத்தால், இப்போதே உங்கள் வார்டு சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் சொல்லிப் பெயர் பதிந்து வையுங்கள். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அமைப்பு இந்த நோய்க்காகவே இருக்கிறது. அவர்களிடமும் பேசுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். நாங்கள் 2022-இல் விசாரித்த இடங்களில் மாதம் 25,000 முதல் 60,000 வரை சொன்னார்கள். அட்வான்ஸ் தனி. அந்தத் தொகையில் அறை, சாப்பாடு, ஆள் கவனிப்பு அடங்கும். டயப்பர், மருந்து, டாக்டர் வந்து பார்க்கும் கூலி, பிசியோதெரபி அடங்காது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருந்து பார்க்கும் பைஸ்டாண்டருக்கு நாள் கூலி, அதே சமயம் காப்பகத்தில் காலியாக இருக்கும் கட்டிலுக்கும் கட்டணம் ஓடும். வருடத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நோய் தெரிந்த பிறகு நாலு முதல் எட்டு வருடம் சாதாரணம், அதைத் தாண்டியும் போகும். ஆகவே இந்த வருடம் கட்ட முடியுமா என்று பார்க்காதீர்கள், எட்டாவது வருடம் கட்ட முடியுமா என்று பாருங்கள். எங்களுக்கு அப்பாவின் பென்ஷன் முக்கால் பங்கைத் தாங்குகிறது. மீதியைத் திருப்பூரில் இருக்கும் அண்ணனும் நானும் பிரித்துக் கட்டுகிறோம்.

இன்சூரன்ஸை நம்பாதீர்கள். கேரள அரசு ஊழியர், பென்ஷன்காரர்களுக்கான மெடிசெப் ஆகட்டும், 2024-இல் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் என்று விரித்த ஆயுஷ்மான் அட்டை ஆகட்டும், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். காப்பகக் கட்டணம் ஒரு ரூபாய் வராது. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர் வீட்டில் இருந்தால், 1961-ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி என்று இருந்த பிரிவில் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு, மூத்த குடிமகன் என்றால், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கழிக்கலாம். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று வேண்டும். எங்கள் அண்ணன் அப்படிக் கழித்திருக்கிறார்.

நிலத்தை விற்றுக் கட்டலாம் என்ற யோசனை இருந்தால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். உறவில் எல்லோரும் பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டால் போதும் என்பார்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சித்தம் தவறிவிட்டால் பவர் அதோடு முடிந்தது, 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அது. அதற்கப்புறம் கோர்ட் மூலம் பாதுகாவலராக நியமனம் வாங்குவது ஒன்றுதான் வழி, அலைச்சல். உங்கள் அம்மாவுக்கு இன்னும் விஷயம் புரிகிற நிலை இருந்தால், டாக்டர் சான்றோடு செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடுங்கள். எங்கள் தென்னந்தோப்பு அப்பா பெயரில் அப்படியே கிடக்கிறது. தேங்காய் வருமானம் வருகிறது, தோப்பைத் தொட முடியாது.

பென்ஷன் விஷயமாகப் போன ஒரு சர்க்கார் ஆபீசைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃபாரம் முழுக்க மலையாளம். தமிழில் எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு, இது கேரளம் என்று பதில் வந்தது. 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழர் சிறுபான்மையாக இருக்கும் பகுதிகளில் சர்க்காரோடு தமிழில் எழுத உரிமை கொடுத்தது. இந்தத் தாலுக்கா அப்படிப்பட்ட பகுதிதான். இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு, அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே மொழியில் ஒரு காகிதம் வாங்க மாட்டேன் என்றால் மனசு கொதிக்காதா? எங்கள் வார்டு மெம்பர் வந்து பேசிய பிறகு வாங்கிக்கொண்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்வார்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அவரவர் வீட்டு நிலைமை வேறு. உங்கள் அம்மா அமைதியானவர் என்றால், அல்லது மலையாளம் இன்னும் நன்றாக நிற்கிறது என்றால், திருச்சூரிலேயே நல்ல இடம் அமையலாம்.

மொத்த அட்வான்ஸைக் கட்டும் முன்னால், ஒரு வாரம் பத்து நாள் மட்டும் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள், தினக் கட்டணத்தில் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் ஒரு ராத்திரியாவது நீங்கள் அங்கே தங்குங்கள். தங்கவே விட மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் சேர்க்க வேண்டாம். ஒப்பந்தக் காகிதம் கைக்கு வந்ததும் கட்டணப் பகுதியை மட்டும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்தெந்த வரியைக் கேள்வி கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.